இன்சூரன்ஸ் எடுக்க ஏஜென்ட் வேண்டுமா, வேண்டாமா?

“டேர்ம் பாலிசி ஆன்லைனில் எடுத்தால் விலை குறைவு என்கிறார்கள். நாளைக்கு எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் மனைவி யாரிடம் போய் நிற்பாள்?” வாசகர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. (டேர்ம் என்பது குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் பாலிசி.) “எங்க சித்தப்பாவே ஏஜென்ட். அவர்கிட்ட எடுக்காம வேற இடத்துல எடுத்தா வீட்ல சண்டை வரும்” என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஏஜென்ட்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று ஆரம்பித்தால் பேச்சு முடியவே முடியாது. எந்த வேலைக்கு அவர் தேவை, எந்த வேலையில் அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்ணப்பப் படிவத்தில் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் உங்கள் பதில் ‘இல்லை’, ‘இல்லை’ என்றே போகிறதா? நீங்களே எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு இடத்தில் ‘ஆமாம், ஆனால்...’ என்று இழுக்க வேண்டியிருந்தாலும் பேச ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்பதுதான் மீதிக் கேள்வி.

## எதை வைத்து முடிவு செய்வது

எதிரில் இருப்பவர் யாருடைய ஆள்? சட்டப்படி ஏஜென்ட் என்பவர் கம்பெனியின் பிரதிநிதி. ஒரு தனி ஏஜென்ட் ஆயுள் காப்பீட்டில் ஒரு கம்பெனி, பொதுக் காப்பீட்டில் ஒரு கம்பெனி, ஹெல்த்துக்கென்றே இருக்கும் கம்பெனிகளில் ஒன்று என்றுதான் வைத்துக்கொள்ள முடியும். ஆகவே “மார்க்கெட்லயே இதுதான் சார் பெஸ்ட்” என்று அவர் சொன்னால், அவர் கையில் இருப்பதில் பெஸ்ட் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வங்கி என்பது கார்ப்பரேட் ஏஜென்ட். ஒவ்வொரு பிரிவிலும் 9 கம்பெனிகள் வரை வைத்துக்கொள்ளலாம். புரோக்கர் மட்டும்தான் வாடிக்கையாளர் சார்பில் வேலை செய்ய உரிமம் பெற்றவர். எத்தனை கம்பெனி வேண்டுமானாலும் காட்டலாம். கமிஷன் என்னவோ எல்லோருக்கும் கம்பெனியிலிருந்துதான் வருகிறது.

விலை. டேர்ம் பாலிசியில் ஆன்லைனுக்கும் ஏஜென்ட்டுக்கும் வித்தியாசம் இருக்கலாம். எல்.ஐ.சி.யே 2024 ஆகஸ்டில் யுவா டேர்ம், டிஜி டேர்ம் என்று இரண்டைக் கொண்டுவந்தது. முதலாவது ஏஜென்ட் வழியாக, இரண்டாவது ஆன்லைனில் மட்டும். ஹெல்த்தில் பெரும்பாலும் எந்த வழியில் எடுத்தாலும் அதே பிரீமியம்தான். சில கம்பெனிகள் நேரடியாக வருவோருக்குச் சிறு தள்ளுபடி தருகின்றன. இன்னொன்றையும் கவனியுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், ஹெல்த் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. முன்பு 20,000 ரூபாய் ஹெல்த் பிரீமியத்தோடு 3,600 ரூபாய் வரி சேர்ந்தது. யாராவது பழைய கொட்டேஷனை வைத்து ஒப்பிட்டுக் காட்டினால் அதைத் தள்ளி வையுங்கள். கார், பைக் பாலிசிகளுக்கு 18 சதவீதம் அப்படியே தொடர்கிறது.

படிவத்தை யார் நிரப்புகிறார்? விலையைவிட இதுதான் முக்கியம் என்பேன். கிளைம் மறுக்கப்படும் பல வழக்குகளின் வேர், பாலிசி எடுத்த அன்று நிரப்பிய படிவத்தில்தான் இருக்கிறது.

கிளைம் நேரத்தில் யார் ஓடுவார்? இதில் ஏஜென்ட் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்பதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பிடிக்கவில்லை என்றால் வெளியே வர முடியுமா? ஆயுள், ஹெல்த் பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் ஃப்ரீ லுக் காலம். அதற்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், அத்தனை நாள் காப்புக்கான தொகை, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். எந்த வழியில் வாங்கியிருந்தாலும் இந்த உரிமை உண்டு. ஆனால் சில வழிகளில் இதைப் பற்றி யாரும் உங்களிடம் வாய் திறக்க மாட்டார்கள்.

## நேரடியாகக் கம்பெனி இணையதளத்தில்

முப்பது வயது, சம்பள வேலை, சிகரெட் பழக்கம் இல்லை, எந்த மருந்தும் சாப்பிடுவதில்லை, ஒரு கோடிக்கு டேர்ம் பாலிசி வேண்டும். இவருக்கு இந்த வழி போதும். பிரீமியம் ஆண்டுக்குப் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் வாக்கில் வரும். மருத்துவப் பரிசோதனைக்குக் கம்பெனியே ஆள் அனுப்பும், அல்லது லேபுக்கு வரச் சொல்லும்.

பைக்குக்குத் தேர்ட் பார்ட்டி (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கான காப்பு) மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம். அந்தப் பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கிறது. எந்தக் கம்பெனியானாலும், எந்தக் கடையானாலும் ஒரே தொகை.

மறைந்திருக்கும் செலவு இரண்டு இடத்தில் இருக்கிறது.

ஒன்று, டிக் அடிக்கும் அவசரம். கார் பாலிசியை ரினியூ செய்யும்போது ‘கடந்த ஆண்டு கிளைம் செய்தீர்களா’ என்ற கேள்விக்கு ஏற்கெனவே ‘இல்லை’ தேர்வாகியிருக்கும். நாமும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். கிளைம் செய்யாத வருடங்களுக்குத் தரும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் 20 சதவீதத்தில் ஆரம்பித்து 50 வரை ஏறும். உரிமை இல்லாத போனஸை வாங்கிவிட்டால் அடுத்த விபத்தில் அது தெரியவரும், கிளைம் சிக்கலாகும். ஆட்-ஆன் எனப்படும் கூடுதல் காப்புகளும் அப்படித்தான். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. வெள்ளச் சேதம் சாதாரண ஓன் டேமேஜ் (நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான) பாலிசியிலேயே வரும். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால், எஞ்சின் புரொடெக்ட் ஆட்-ஆன் இல்லாதவர்களுக்குக் கம்பெனிகள் பொதுவாக அந்தப் பகுதியை மறுத்துவிடும். வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ இருப்பவருக்கு அந்த ஆட்-ஆனைப் பற்றி ஒரு திரை எடுத்துச் சொல்லாது. ஓர் உள்ளூர் ஏஜென்ட் சொல்லிவிடுவார்.

இரண்டாவது செலவு பலருக்குத் தெரியாது. சுகரோ பழைய அறுவை சிகிச்சையோ உள்ளவர் தானாகவே ஆன்லைனில் விண்ணப்பிக்கிறார், கம்பெனி நிராகரிக்கிறது. அடுத்து எந்தக் கம்பெனிக்குப் போனாலும் படிவத்தில் ஒரு கேள்வி காத்திருக்கும்: ‘இதற்கு முன் உங்கள் விண்ணப்பம் எங்காவது நிராகரிக்கப்பட்டதா, தள்ளிவைக்கப்பட்டதா?’ இனி அதற்கு ‘ஆமாம்’ என்றுதான் எழுத வேண்டும். விசாரிக்காமல் அழுத்திய ஒரு பட்டன் எல்லா விண்ணப்பத்திலும் கூடவே வரும்.

## ஏஜென்ட்

மேலே சொன்ன இடத்தில்தான் நல்ல ஏஜென்ட்டின் உண்மையான மதிப்பு. விண்ணப்பம் போடுவதற்கு முன்பே, “46 வயசு, நாலு வருஷமா சுகருக்கு மாத்திரை, மூணு மாச சராசரி 7.8, பிரஷர் இல்ல. எடுப்பீங்களா? லோடிங் எவ்வளவு வரும்?” என்று கிளையில் விசாரித்துப் பார்க்க அவரால் முடியும். (லோடிங் என்றால் நோய்க்காகக் கூடுதலாகக் கேட்கும் பிரீமியம்.) கிடைக்கிற பதில் உறுதிமொழி ஆகாது. ஆனாலும் இருட்டில் கல் எறியாமல் இருக்கலாம்.

வேறு எப்போதெல்லாம் ஏஜென்ட்டிடம் உட்கார்ந்து பேச வேண்டும்? அறுபது தாண்டிய பெற்றோருக்கு ஹெல்த் எடுக்கும்போது. 65 வயதுக்கு மேல் புதிதாகப் பாலிசி தரமாட்டோம் என்ற தடை 2024-இல் நீங்கிவிட்டது. ஆனால் அந்த வயதினருக்கான பாலிசிகளில் கோ-பே (பில்லில் ஒரு பங்கை நாமே கட்டுவது), அறை வாடகை வரம்பு, கண்புரைக்குத் தனி உச்சவரம்பு என்று நிறைய பொடி எழுத்து இருக்கும். அறை வாடகை வரம்பைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். ஒரு நாளைக்கு 4,000 ரூபாய் வரம்புள்ள பாலிசியை வைத்துக்கொண்டு 8,000 ரூபாய் அறையில் படுத்தால், வெட்டப்படுவது வாடகை வித்தியாசம் மட்டும் இல்லை. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் எல்லாமே அதே விகிதத்தில் குறையலாம்.

பழைய ஹெல்த் பாலிசியிலிருந்து வேறு கம்பெனிக்கு மாறும்போதும் ஆள் தேவை. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் 36 மாதம். பழைய பாலிசியில் கழித்த காலத்தைப் புதியதில் கணக்கில் சேர்த்துத் தர வேண்டும். ரினியூவலுக்கு ஒன்றரை மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். பழைய பாலிசியை விட்டுவிட்டுப் புதிதாக எடுக்கச் சொல்கிற ஏஜென்ட் உங்களுக்குச் சாதகமாகப் பேசவில்லை.

தொழில் செய்கிறவர், கடன் இருக்கிறது, தனக்குப் பின் காப்பீட்டுத் தொகை கடன்காரர்கள் கைக்குப் போகாமல் மனைவி மக்களுக்கே சேர வேண்டும் என்று நினைக்கிறார். 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் பாலிசி எடுக்கலாம். பாலிசி எடுக்கும்போதே செய்ய வேண்டிய விஷயம் இது. பின்னால் சேர்க்க முடியாது. பல இணையதளங்களில் இது ஓரமாக ஒரு சின்னப் பெட்டியாக இருக்கும், கண்ணில் படாது.

சரி, ஏஜென்ட் வழியின் மறைந்த செலவுகள் என்ன?

முதலாவது, நீங்கள் கேட்டது ஒன்று, அவர் தருவது ஒன்று. டேர்ம் கேட்டுப் போனவர் எண்டோமென்ட் (காப்போடு, முதிர்வில் பணமும் திரும்ப வரும் பாலிசி) எடுத்துக்கொண்டு வருவது தமிழ்நாட்டில் தினமும் நடக்கிறது. “பணம் திரும்பி வராத பாலிசி எதுக்கு சார்?” என்ற ஒரு வரி போதும். கணக்கைப் பாருங்கள்: ஆண்டுக்கு 50,000 ரூபாய் கட்டும் எண்டோமென்ட்டில் காப்பு பெரும்பாலும் அதைப்போல் பத்து மடங்கு, அதாவது 5 லட்சம் சுற்றி இருக்கும். அதில் நாலில் ஒரு பங்கைக் கட்டி ஒரு கோடிக்கு டேர்ம் எடுக்கலாம். குடும்பத்தலைவர் போய்விட்டால் 5 லட்சம் எத்தனை மாதத்துக்கு வரும்? பிரீமியம் பெரிதாக இருந்தால் கமிஷனும் பெரிது. மார்ச் மாதத்தில் வரும் போன்களை இதை மனதில் வைத்துக்கொண்டு எடுங்கள்.

இரண்டாவது, “முதல் பிரீமியத்துல பாதி நானே கட்டிடறேன் சார்.” இன்சூரன்ஸ் சட்டம் 1938, பிரிவு 41-இன்படி இது குற்றம். கொடுப்பவருக்கு மட்டும் இல்லை, வாங்குபவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. அதோடு, தன் முதல் வருட வருமானத்தை உங்களுக்கே கொடுத்துவிட்டவர் ஐந்தாம் வருடம் உங்கள் போனை எடுப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

மூன்றாவதுதான் பெரியது: படிவம். “சுகரெல்லாம் எழுத வேண்டாம்ணே, இந்தக் காலத்துல யாருக்குத்தான் இல்ல? நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்.” இந்த வாக்கியத்தைக் கேட்டதும் எழுந்துவிடுங்கள். 2019-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வேறொரு கம்பெனியில் ஏற்கெனவே ஆயுள் பாலிசி வைத்திருந்தவர், புதிய விண்ணப்பத்தில் அதைத் தெரிவிக்கவில்லை. சில மாதங்களுக்குள் இறந்துவிட்டார், கிளைம் மறுக்கப்பட்டது. படிவத்தை நிரப்பியது ஏஜென்ட், இவர் கையெழுத்துதான் போட்டார் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. கையெழுத்துப் போட்டவர் உள்ளே இருப்பதற்குப் பொறுப்பு. ஆயுள் பாலிசியில் மூன்று ஆண்டு முடிந்த பிறகு கம்பெனி எந்தக் காரணம் சொல்லியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்று பிரிவு 45 சொல்கிறது. ஹெல்த்தில் அந்தக் காலம் 60 மாதம், அதுவும் மோசடி நிரூபணமானால் செல்லாது. “மூணு வருஷம் தாண்டினா ஒண்ணும் பண்ண முடியாது” என்று இதையே தைரியமாகச் சொல்லி மறைக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மூன்று வருடத்துக்குள் உயிர் போனால்? அதற்கு அவர்களிடம் பதில் இருக்காது.

நான்காவது, பணத்தை ஏஜென்ட் கையில் கொடுப்பது. 1997-இல் இதே நீதிமன்றத்துக்கு வந்த இன்னொரு வழக்கில், ஏஜென்ட் வீட்டுக்கு வந்து பிரீமியத்துக்கு பேரர் செக் (யார் கொண்டுபோனாலும் பணமாக்கக்கூடியது) வாங்கிப்போய்ப் பணமாக்கிக்கொண்டார். பாலிசிதாரர் விபத்தில் இறந்த பிறகுதான் எல்.ஐ.சி.யில் கட்டினார். ஏஜென்ட்டுக்குப் பிரீமியம் வசூலிக்கும் அதிகாரம் இல்லை, ஆகவே அவரிடம் கொடுத்தது கம்பெனியிடம் கொடுத்ததாக ஆகாது என்றது தீர்ப்பு. இன்று யு.பி.ஐ. இருக்கிறது, இருந்தும் ஏஜென்ட்டின் சொந்த எண்ணுக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பெனி பெயருக்கு மட்டும் அனுப்புங்கள், ரசீதைக் கம்பெனி தளத்தில் சரிபாருங்கள்.

சொந்தக்கார ஏஜென்ட் விஷயத்தில் என் யோசனை: பாலிசி அவரிடமே எடுக்கலாம், ஆனால் என்ன பாலிசி என்பதை நீங்கள் முடிவு செய்துவிட்டுப் போங்கள். “சித்தப்பா, எனக்கு ஒரு கோடிக்கு டேர்ம் மட்டும் போடுங்க, வேற இப்போ வேண்டாம்.” அவருக்குக் கமிஷன் குறையும், உறவு குறையாது. உடம்பைப் பற்றிய விவரங்களைச் சித்தப்பாவிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்றால் அங்கே எடுக்கவே கூடாது. படிவத்தில் உண்மையைவிடக் கூச்சம் அதிகமாக இருக்கும்.

## புரோக்கர், ஒப்பீட்டுத் தளங்கள்

பத்துக் கம்பெனி பாலிசிகளை ஒரே பக்கத்தில் பார்ப்பதற்கு இந்தத் தளங்கள் நன்றாகவே உதவும். பார்ப்பதற்கு என்றேன். போன் எண்ணைக் கொடுத்த அடுத்த நிமிடத்திலிருந்து அழைப்புகள் வரும். அதுதான் அங்கே நுழைவுக் கட்டணம். பேசுகிறவர் பயிற்சி பெற்றவராக இருக்கலாம், ஆனால் இன்று பேசியவர் அடுத்த மாதம் அந்த நாற்காலியில் இருக்க மாட்டார். அவர் வாயால் சொன்னதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிற விஷயம் பாலிசியில் இருக்காது.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்துகொண்டு எல்லாக் கம்பெனி வண்டி இன்சூரன்ஸும் போட்டுத் தருகிறவர் பெரும்பாலும் ஏதாவது ஒரு புரோக்கர் நிறுவனத்தின் பி.ஓ.எஸ்.பி. (அதன் சார்பில் எளிய பாலிசிகளை விற்பவர்) ஆக இருப்பார். வசதிதான். பாலிசியில் உள்ள கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து அசல்தானா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். போலிப் பாலிசியோடு விபத்தில் சிக்கினால் நஷ்ட ஈடு உங்கள் சொத்திலிருந்து போகும்.

புரோக்கர் உண்மையிலேயே தேவைப்படும் இடம் தொழில். திருப்பூரில் பனியன் யூனிட், ஈரோட்டில் ஜவுளி குடோன், சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன். 20 லட்சம் ரூபாய்ச் சரக்கு இருக்கும் குடோனுக்கு, பிரீமியம் மிச்சம் என்று 10 லட்சத்துக்குப் பாலிசி எடுக்கிறீர்கள். தீ விபத்தில் 4 லட்சம் நஷ்டம். பாலிசி 10 லட்சத்துக்கு இருக்கிறதே, 4 லட்சமும் வந்துவிடும் என்று நினைப்பீர்கள். பாதிக்குத்தான் காப்பு எடுத்திருக்கிறீர்கள், ஆகவே நஷ்டத்திலும் பாதி, 2 லட்சம் என்று நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயர் எழுதுவார். சரக்கைப் பக்கத்துத் தெரு குடோனுக்கு மாற்றிவிட்டு முகவரியைப் பாலிசியில் மாற்றாமல் விட்டால் அதுவும் கிடைக்காமல் போகலாம். தீபாவளி, பொங்கல் சீசனில் சரக்கு இரண்டு மடங்காகும்போது என்ன செய்வது என்று யோசித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். தொழில் பாலிசியை இணையதளத்தில் பத்து நிமிடத்தில் முடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

## வங்கி

வங்கிக் கவுன்ட்டரில் இரண்டே இரண்டு பாலிசிகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சம் ஆயுள் காப்பு தரும் பிரதமரின் ஜீவன் ஜோதி, 18 முதல் 50 வயது வரை சேரலாம். 20 ரூபாயில் 2 லட்சம் விபத்துக் காப்பு தரும் சுரக்ஷா, 18 முதல் 70 வயது வரை. இரண்டும் ஜூன் முதல் மே வரை ஓடுபவை, மே கடைசியில் கணக்கில் பணம் இருந்தால் போதும். வீட்டு வேலைக்கு வருகிறவர், காய்கறி வண்டிக்காரர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் முதலில் இதைச் சொல்லுங்கள்.

மற்றபடி, வங்கி இந்த நான்கு வழிகளில் கடைசி. வீட்டுக் கடன் வாங்கப் போனவரிடம், “இந்த இன்சூரன்ஸ் போட்டாத்தான் சார் ஃபைல் நகரும்” என்பார்கள். கடன் வாங்குவதற்கு அவர்களிடம்தான் ஆயுள் பாலிசி எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வீட்டுக்குத் தீ, வெள்ளக் காப்பீடு கேட்பது நியாயம். அதையும் நீங்கள் விரும்பிய கம்பெனியில் எடுத்துக் காட்டலாம்.

ஒரு லட்சம் ரூபாய் ஒற்றைப் பிரீமியத்தைக் கடன் தொகையோடு சேர்த்துவிடுவது வழக்கம். கையிலிருந்து பணம் போகாததால் வலிக்காது. 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்றால் அந்த ஒரு லட்சத்துக்கு மாதம் சுமார் 868 ரூபாய், மொத்தம் 2 லட்சத்து 8 ஆயிரம் கட்டி முடிப்பீர்கள். அதே காப்புக்குத் தனியாக டேர்ம் எடுத்தால் என்ன ஆகும் என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு அடுத்த நாள் போங்கள்.

வயதானவர்கள் ஃபிக்சட் டெபாசிட் போடப் போய் ஐந்து வருடம் பிரீமியம் கட்டும் பாலிசியோடு திரும்புவது இன்னொரு கதை. அப்பாவோ அம்மாவோ வங்கியிலிருந்து கனமான உறையோடு வந்தால் அன்றைக்கே பிரித்துப் பாருங்கள். மேலே சொன்ன 30 நாள் ஓட ஆரம்பித்திருக்கும்.

## எந்த நிலைமைக்கு எங்கே போவது

| நிலைமை | முதலில் போக வேண்டிய இடம் | காரணம் |
|---|---|---|
| நோய் எதுவும் இல்லாத இளைஞருக்கு டேர்ம் | கம்பெனி தளம் | படிவம் எளிது, விலை குறையலாம் |
| பைக் தேர்ட் பார்ட்டி | எங்கு வேண்டுமானாலும் | ஒரே விலை |
| புதுக் கார், வெள்ளம் வரும் பகுதி | ஏஜென்ட் அல்லது புரோக்கர் | ஆட்-ஆன் தேர்வு |
| சுகர், பிரஷர், பழைய ஆபரேஷன் | ஏஜென்ட் அல்லது புரோக்கர் | விண்ணப்பிக்கும் முன் விசாரிக்க |
| பெற்றோருக்கு ஹெல்த் | புரோக்கர், பிறகு ஏஜென்ட் | பல பாலிசிகளின் நிபந்தனைகளை ஒப்பிட |
| ஹெல்த் பாலிசியைக் கம்பெனி மாற்றுவது | புதிய கம்பெனியின் ஏஜென்ட் | காத்திருப்புக் காலம் தொடர |
| கடன் உள்ள தொழிலதிபருக்கு ஆயுள் | அனுபவமுள்ள ஏஜென்ட், கூடவே ஆடிட்டர் | 1874 சட்டத்தின் கீழ் பாலிசி |
| கடை, குடோன், யூனிட் | புரோக்கர் | மதிப்பு, முகவரி, சீசன் சரக்கு |
| ஜீவன் ஜோதி, சுரக்ஷா | வங்கி | கணக்கிலிருந்து தானாகப் போகும் |

பெற்றோர் ஹெல்த் வரிசையில் புரோக்கரை முன்னால் போட்டதற்கு ஏஜென்ட் நண்பர்கள் கோபப்படலாம். ஒரு கம்பெனியை மட்டும் வைத்திருப்பவரால் அந்தக் கம்பெனி ‘முடியாது’ என்றதும் வேறு வழி காட்ட முடியாது, அவ்வளவுதான். எந்தப் பாலிசி என்று முடிவான பிறகு அதே பாலிசியை உள்ளூர் ஏஜென்ட்டிடம் எடுப்பதில் தவறே இல்லை. விலை ஒன்றுதான் என்றால் நான் அதைத்தான் செய்வேன்.

## கிளைம் நேரத்தில் ஏஜென்ட்

முதல் கேள்விக்கு வருகிறேன்: மனைவி யாரிடம் போய் நிற்பார்?

ஆயுள் கிளைமுக்குத் தேவையானவை அதிகம் இல்லை: இறப்புச் சான்றிதழ், பாலிசிப் பத்திரம், கிளைம் படிவம், நாமினியின் அடையாள அட்டை, வங்கி விவரம். பாலிசி எடுத்து மூன்று ஆண்டு ஆகவில்லை என்றால் கம்பெனி விசாரிக்கும். மருத்துவமனைப் பதிவேடுகள் கேட்கும். அந்த இடத்தில் நல்ல ஏஜென்ட் பெரிய ஆறுதல். எந்தக் காகிதம், எந்த மேஜை என்று அவருக்குத் தெரியும். வங்கிப் படிவத்தையே தனியாக நிரப்பிப் பழக்கமில்லாத குடும்பம் என்றால், டேர்முக்குக் கொஞ்சம் அதிகப் பிரீமியம் கொடுத்து ஏஜென்ட் வழியாக எடுப்பது நியாயமான செலவு. ஆனால் கிளைமை ஏற்பதும் மறுப்பதும் அவர் கையில் இல்லை. “நான் பாத்து வாங்கித் தரேன்” என்றால் அதன் பொருள், காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பேன் என்பதுதான்.

ஆஸ்பத்திரியில் கேஷ்லெஸ் (கம்பெனியே ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டுவது) என்றால் ஏஜென்ட்டைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். நேராக ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் டெஸ்க்குக்குப் போங்கள். விண்ணப்பம் போன ஒரு மணி நேரத்துக்குள் கேஷ்லெஸ் முடிவைச் சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் சமயத்தில் மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும் என்று 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதித்திருக்கிறது. தாமதமானால் கம்பெனியின் எண்ணுக்கு நீங்களே அடியுங்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு ரீஇம்பர்ஸ்மென்ட்டுக்கு (நாம் கட்டிய பணத்தைத் திரும்பப் பெற) பில்களை அடுக்கும்போது ஏஜென்ட்டைக் கூப்பிடுங்கள். அதில் அவர் அனுபவம் கை கொடுக்கும்.

ஏஜென்ட்டைத் தாண்டிப் போக வேண்டிய சமயங்களும் உண்டு. ஃப்ரீ லுக் காலத்தில் பாலிசியைத் திருப்பித் தருவது அதில் முதலாவது. அவரிடம் சொன்னால் “அவசரப்படாதீங்க, மேனேஜர்கிட்ட பேசறேன்” என்றே 30 நாளும் ஓடிவிடும். அது அவர் கமிஷன் சம்பந்தப்பட்டது. கம்பெனிக்கு நேராக மின்னஞ்சல் அனுப்பி ஒப்புகை வாங்குங்கள். முகவரி, போன் எண், நாமினி மாற்றத்தையும் நீங்களே செய்வது நல்லது. கம்பெனிப் பதிவேட்டில் உங்கள் எண்ணுக்குப் பதில் ஏஜென்ட்டின் எண் இருந்தால் பிரீமியம் நினைவூட்டல் உங்களுக்கு வராது. பாலிசியோடு வரும் விண்ணப்ப நகலையும் ஒருமுறை வரி வரியாகப் படித்துவிடுங்கள். தப்பு இருந்தால் அப்போதே எழுத்தில் திருத்தக் கேட்கலாம்.

கிளைம் மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தி தரவில்லை என்றால் ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரி) போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை அண்ணா சாலையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை எடுத்துக்கொள்கிறார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்கவும் முடியாது. நீங்களே பேச வேண்டும். ஏஜென்ட் வழியாக எடுத்திருந்தாலும் ஆன்லைனில் எடுத்திருந்தாலும் அங்கே உங்கள் பக்கம் பேசுவது காகிதம்தான்: விண்ணப்ப நகல், பழைய மின்னஞ்சல்கள், ரசீதுகள். இந்த மூன்றையும் ஒரு ஃபைலில் போட்டு, அது இருக்கும் இடத்தை நாமினியிடம் சொல்லி வையுங்கள்.